ஐந்தரை மணிப் பூட்டு

அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். யாரையாவது விட்டுவிட்டால், பிறகு நடுராத்திரியில் அது ஞாபகம் வந்து எழுந்து உட்கார்ந்துகொள்கிற ஆள் நான்.

கீழ்த்தளத்துக் கருத்தரங்கு அறையில், முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்காக முன்னால் நின்றுகொண்டிருந்த சுகன்யா. அவளுடைய வழிகாட்டியான பேராசிரியை. போன மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார், எல்லோருக்கும் அவர் மேடம். துறைத்தலைவர். கடைசி வரிசையில் சுகன்யாவோடு ஆராய்ச்சி செய்யும் நாலைந்து பிள்ளைகள். சுவர்த்திரையில், பிரான்சிலிருந்து பேசிக்கொண்டிருந்த வெளித் தேர்வாளர். அறைக்கு வெளியே லட்டுப் பெட்டிகளோடு அவளுடைய அப்பா ஏழுமலை. வராந்தா முனையில் டீ கேனும் போண்டாத் தட்டுமாக கேன்டீன் அந்தோணி. எதிர்க் கட்டடத்தில், கணினி மையத்தின் கெஸ்ட் கவுண்டரில், நான்.

அவ்வளவு பேர்தான். யாருமே கெட்டவர்கள் இல்லை. அதுதான் இந்தக் கதையில் எனக்கு ஆறாத விஷயம்.

கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், பழைய ஆள் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் நாற்காலியை விட்டு எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் நான் எழுதுகிறேன்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் பல வருடம் உட்கார்ந்திருந்தேன். அங்கே கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: தங்கினவர் போய்விட்டால் சாவி ஆணிக்குத் திரும்பி வந்திருக்க வேண்டும். ஆணி காலியாக இருந்தால் முதலாளிக்குக் கோபம் வரும், எனக்கு வயிற்றைக் கலக்கும். பிறகு கேபிள் இழுக்கும் ஒப்பந்த ஆளாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். கேபிள் குறைந்து வைஃபை வந்ததும், லாட்ஜில் இருந்தவர்தானே, வந்து போகிறவர்களை இவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று கெஸ்ட் கவுண்டரில் உட்காரவைத்துவிட்டார்கள்.

வேலை சுலபம்தான். வெளியிலிருந்து வருகிறவருக்கு நம் வைஃபை வேண்டுமென்றால், நிரந்தர ஆசிரியர் ஒருவர் ‘இவருக்கு நான் பொறுப்பு’ என்று தன் கணக்கிலிருந்து ஒப்புதல் தர வேண்டும். தந்தால் ஒரு கோடு, அதாவது வைஃபையைத் திறக்கிற ரகசிய எண், அச்சாகும். அந்தச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தால், கேட்ட நாள் வரைக்கும் அது வேலை செய்யும், நாள் முடிந்ததும் தானாகவே செத்துவிடும். இதில் பயப்பட ஒன்றுமே இல்லை. ஆனாலும் நான் பயந்தேன்.

காரணம் ஒன்று இருந்தது. ஆரம்பத்தில் ஒரு கருத்தரங்குக்கு வந்தவர், தன் கோடு என்ன என்பதை விடுதிப் பையன்கள் யாரிடமோ சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அந்தக் கோடில் நுழைந்து எவனோ ஒரு பெண்ணைப் பற்றி அசிங்கமாக எழுதிப் போட்டுவிட்டான். போலீஸிலிருந்து விசாரித்தார்கள். எங்கள் சிஸ்டம் இன்ஜினியர், என்னைவிட ரொம்பச் சின்னவர், ஒரே போனில் அதை முடித்துவைத்தார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் “கோடு குடுத்தது யாரு?” என்று அவர் போனில் யாரிடமோ திருப்பிச் சொன்னபோது, பக்கத்தில் நின்றிருந்த எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அன்றிலிருந்து, மாலை ஐந்தரைக்கு வீட்டுக்குக் கிளம்பும்முன், திரையில் உயிரோடு இருக்கும் கெஸ்ட் கோடுகளை ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தேன். மூன்று நாளுக்குக் கொடுத்த கோடாக இருந்தாலும் சரி. மறுநாள் காலையில் அவர்கள் வந்து நின்றால் புதிதாக ஒன்று போட்டுக் கொடுப்பேன். எல்லாச் சாவியும் ஆணியில் தொங்கினால்தான் எனக்கு முத்தியால்பேட்டை வீட்டுக்கு வண்டி ஓடும்.

இன்ஜினியர் ஒருநாள் இதைக் கவனித்துவிட்டார். கோபப்படவில்லை. “வந்தவங்கள நம்பித்தான் கோடு குடுக்கறோம். நீங்க லாட்ஜ் நடத்தறீங்க” என்றார். நான் சிரித்து மழுப்பினேன். கொஞ்ச நாளில் அவர் வேறு வேலை கிடைத்துப் பெங்களூர் போய்விட்டார். அதன் பிறகு கேட்க ஆளில்லை.

கேட்க ஆளில்லாத பழக்கம் எப்படி வளரும் என்று பாருங்கள். முதலில் துறைகளில் முணுமுணுத்தார்கள். அப்புறம் பழகிக்கொண்டார்கள். தெருவில் குடிதண்ணீர் வருகிற நேரத்தைப் போல, ஐந்தரைக்கு கெஸ்ட் நெட் போய்விடும் என்பது எல்லோருக்கும் மனப்பாடமானது. கருத்தரங்கு அழைப்பிதழ்களிலேயே அதை அச்சடித்தார்கள். இது டெல்லியிலிருந்து வந்த பாதுகாப்பு உத்தரவு என்று ஒரு பேராசிரியர் என்னிடமே விளக்கினார். நானும் “ஆமாம் சார்” என்றேன். அந்தோணிதான் எனக்கு ‘அஞ்சரை’ என்று பெயர் வைத்தான். கேன்டீனுக்குள் நுழைந்தாலே, “அஞ்சரை வந்துட்டாரு, அடுப்ப அணைங்கடா” என்பான். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

இனி அன்றைக்கு நடந்தது.

காலையில் மேடம் கவுண்டருக்கு வந்தார். ஓய்வு பெற்ற மறுநாளே அவருடைய பல்கலைக்கழகக் கணக்கு மூடப்பட்டிருந்தது. எத்தனையோ பேருக்குப் பொறுப்பு ஏற்றுக் கோடு வாங்கிக் கொடுத்தவர், இப்போது தனக்கு யாராவது பொறுப்பு ஏற்க வேண்டும் என்று என் முன்னால் நின்றார். “போன மாசம் வரைக்கும் வீட்டுக்காரி, இந்த மாசம் விருந்தாளி” என்று சொல்லிச் சிரித்தார். அழைப்பு அவர் பெயரில் போயிருந்ததால் அவருடைய மடிக்கணினியிலிருந்துதான் பிரான்சுத் தேர்வாளரோடு பேச வேண்டும், நம் வைஃபையில் ஒருவர் கணக்கு இன்னொருவர் கணினியில் ஏறாது. துறைத்தலைவர் பொறுப்பு என்று எழுதிக்கொண்டேன். “ரெண்டு நாளுக்கே குடுத்துடுங்க, இழுத்தாலும் இழுக்கும்” என்றார். இரண்டு நாள் என்று போட்டேன்.

ஒப்புதல் வரக் காத்திருந்தபோது அவர்தான் சுகன்யாவைப் பற்றிச் சொன்னார். பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். பிரெஞ்சுக்காரர்கள் காலத்து ஏரிப் பாசனத்தைப் பற்றி ஆராய்ச்சி. தன் அப்பா எந்த மதகிலிருந்து தண்ணீர் பாய்ச்சினாரோ, அந்த மதகுக்காக நடந்த பழைய வழக்குகளைப் படிப்பதற்காகவே முதலிலிருந்து பிரெஞ்சு கற்றுக்கொண்டாளாம். அரசுக் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட வெள்ளிக்கிழமை கடைசி. இன்றைக்கு வாய்மொழித் தேர்வு முடிந்தால் நாளைக்குத் தற்காலிகச் சான்றிதழ் கைக்கு வந்துவிடும், விண்ணப்பித்துவிடலாம். “இந்தத் தடவ விட்டா, அடுத்து கூப்புடறதுக்குள்ள அவளுக்கு வயசு வரம்பு தாண்டிடும்” என்றார்.

எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழி இல்லை.

துறைத்தலைவர் ஏதோ கூட்டத்தில் மாட்டிக்கொண்டதால் ஒப்புதல் மூன்றரைக்கு மேல்தான் வந்தது. இரண்டரைக்குத் தொடங்க வேண்டிய தேர்வு நாலு மணிக்கு மேல்தான் தொடங்கியது.

ஐந்தேகாலுக்கு மேல் இருக்கும், கவுண்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளை வேட்டியும் புதுச் சட்டையுமாக ஒருவர் நின்றார். சட்டையில் கடையில் குத்திய குண்டூசி இன்னும் காலருக்குக் கீழே மின்னியது. லட்டுப் பெட்டியைத் திறந்து நீட்டினார்.

“எடுத்துக்கோங்க சார். எங்க பொண்ணு சுகன்யா, டாக்டரு பட்டம் வாங்குது. நீங்கள்லாம் அஞ்சரைக்குக் கெளம்பிடுவீங்கன்னு சொன்னாங்க, அதான் இப்பவே எடுத்தாந்துட்டேன்.”

நம் வளாகத்தில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். வாய்மொழித் தேர்வுக்கு நிற்கிற பிள்ளையின் வீட்டார்தான் டீ, பலகாரம் எல்லாம் ஏற்பாடு செய்வார்கள். டீ எப்போது வேண்டுமானாலும் வரும். ஆனால் தேர்வாளர் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று வாயால் சொன்ன பிறகுதான் இனிப்புப் பெட்டியைத் திறப்பார்கள். அதற்கு முன்னால் பெட்டியைக் காரை விட்டு இறக்காதவர்கள்கூட உண்டு. இனிப்பு வந்தால் முடிந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் யாரையும் கேட்பதில்லை.

அந்த வழக்கம் ஏழுமலைக்குத் தெரியாது. நிலத்திலிருந்து நேராக வந்த மனிதர். மகள் படித்த இடத்தில் வேலை செய்கிற எல்லோரும் வீட்டுக்குப் போவதற்குள் ஆளுக்கு ஒரு லட்டாவது சாப்பிட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அவ்வளவுதான்.

முடிந்ததா என்று நான் கேட்கவில்லை. லட்டுதான் வந்துவிட்டதே. “ரொம்ப சந்தோஷங்க” என்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அவர் பெட்டியை மூடிக்கொண்டு நூலகம் பக்கம் நடந்தார். திரையைப் பார்த்தேன். ஒரே ஒரு கோடுதான் உயிரோடு இருந்தது, மேடத்தினுடையது. தேர்வு முடிந்துவிட்டது, அவருக்கு இனி எதற்கு. மூடினேன். கணினியை அணைத்தேன், மெயினை இறக்கினேன், கதவைப் பூட்டி மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். ஏலக்காய் இன்னும் பல்லிடுக்கில் இருந்தது.

‘இப்பவே’ என்று அவர் சொன்னாரே, அந்த ஒரு சொல்லை நான் காதில் வாங்கியிருக்க வேண்டும். இப்போதும் கேட்கிறது. அப்போது கேட்கவில்லை.

வண்டி ஸ்டாண்டில் சாவி போடும்போது அந்தோணி மூச்சு வாங்க ஓடிவந்தான்.

“இன்னாபா, நெட்ட வெட்டிட்டியா? அந்தப் பொண்ணு பேசிக்கினு இருக்கும்போதே வெள்ளக்காரன் மொகம் அப்பிடியே நின்னுபோச்சுபா.”

“முடிஞ்சிடலியா? லட்டு குடுத்தாரே?”

“யாரு குடுத்தா? எனக்கே யாரும் இன்னும் டீ ஊத்தச் சொல்லல.”

நான் முதலில் ஓடியது கவுண்டருக்கு அல்ல, அறைக்கு. ஏன் என்று தெரியவில்லை, கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. திரையில் தேர்வாளரின் முகம் வாய் பாதி திறந்தபடி உறைந்திருந்தது. பின்னால் இருந்த பிள்ளைகள் பிறகு சொன்னார்கள்: கடைசிக் கேள்விக்கு சுகன்யா பதில் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அது நின்றது. நெட் போனது அவளுக்கு உடனே புரியவில்லை. அவர் தலையாட்டாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறாரே, பதில் போதவில்லையோ என்று, செத்துப்போன அந்த முகத்தைப் பார்த்து அவள் பிரெஞ்சில் இன்னும் விளக்கமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அப்புறம் கவுண்டருக்கு ஓடினேன். மூன்று முறை இழுத்துப் பார்த்துப் பூட்டிய கதவு அவசரத்துக்கு லேசில் திறக்காது. கணினி எழுந்திருக்க அதன் நேரத்தை எடுத்துக்கொண்டது. மூடிய கோடுக்கு மறுபடி உயிர் வராது, புதிது போட வேண்டும். புதியதற்குத் துறைத்தலைவரின் ஒப்புதல் மறுபடி வேண்டும். அவரோ, கீழ்த்தளத்தில் சிக்னல் இல்லாமல், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் அங்குமிங்கும் நடந்து, பிரான்சோடு தானே பேச முயன்றுகொண்டிருந்தார். குரல் துண்டு துண்டாகப் போனது. ஒருவழியாக எல்லாம் சேர்ந்து மேடத்தின் கணினி மறுபடி நெட்டில் ஏறியபோது, திரையில் தேர்வாளர் இல்லை. அவருடைய மின்னஞ்சல் மட்டும் வந்திருந்தது. காத்திருந்தேன், வகுப்புக்கு நேரமாகிவிட்டது, நாளை முதல் பயணம், வேறு தேதி சொல்லுங்கள் என்று மரியாதையாக எழுதியிருந்தார்.

எல்லாக் கேள்வியும் முடிந்துவிட்டது, ஒன்றே ஒன்றுதான் பாக்கி, அவர் அறிக்கையிலும் நன்றாகவே எழுதியிருக்கிறார், கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று மேடம் மன்றாடினார். துறைத்தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“அவர் வாயால சொல்லணும் மேடம். நாளைக்கு யாராவது கேட்டா நான் எங்க போயி நிக்கறது?”

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, வரவும் முடியாது. அது அப்படியே என் வாக்கியம். ஒவ்வொரு நாளும் ஐந்தரைக்கு நான் எனக்குச் சொல்லிக்கொண்ட வாக்கியம்.

அங்கேயே, எல்லோர் முன்னாலும் நான் சொன்னேன்: “சார், அஞ்சரைக்கு மூடணும்னு ரூல் எதுவும் கெடையாது. நானாத்தான் மூடறேன்.”

அவர் என் தோளில் கை வைத்தார். “ரூல்படிதான செஞ்சீங்க. நீங்க ஏன் பயப்படறீங்க?”

இன்னொரு முறை சொன்னேன். அதற்குள் அவர் யாருக்கோ போன் செய்யத் திரும்பிவிட்டார். நாங்கள்தான் நேரத்தைப் பார்க்கத் தவறிவிட்டோம் என்று பின்னால் இருந்த பிள்ளைகளில் ஒருத்தி அழுதாள். பாருங்கள், அவர்கள் தங்களையே நொந்துகொண்டார்கள். மேடம் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தார். “எனக்கு ரெண்டு நாளுக்குல்ல குடுத்தீங்க” என்றார். திட்டியிருந்தால் எனக்கு ஏதாவது ஆகியிருக்கும், நல்லதாகவே ஆகியிருக்கும்.

ஏழுமலை காலிப் பெட்டிகளோடு திரும்பி வந்து, “நெட்டு வந்துடுச்சா சார்?” என்று என்னைத்தான் கேட்டார். அவருடைய லட்டைப் பார்த்துத்தான் மூடினேன் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. அன்றைக்கு நான் செய்தவற்றில் வருத்தப்படாத ஒரே காரியம் அதுதான். மகளுடைய வேலை போனது தன் கையிலிருந்த இனிப்பால் என்று ஒரு தகப்பன் ஏன் நினைத்துக்கொண்டு வாழ வேண்டும்.

சுகன்யா அழவில்லை. தாள்களை அடுக்கிப் பையில் வைத்தாள். வராந்தாவுக்குப் போய், யாரும் தொடாத டீக்கும் போண்டாவுக்கும் எவ்வளவு என்று அந்தோணியிடம் கேட்டுப் பர்ஸைத் திறந்தாள். அவன் தொகையைச் சொன்னான், ஆனால் கையை நீட்டவில்லை. “டாக்டராயி, வேலைக்கிப் போயி, வந்து குடும்மா. இப்ப வாங்கினா எனக்கு ராசியில்ல.”

அவள் பர்ஸை மூடிக்கொண்டு அப்பாவோடு பஸ்ஸுக்கு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. புதுத் தேதிக்கு மறுபடி அறிவிப்பு ஒட்ட வேண்டும், அதற்கு நாள் வேண்டும். அதற்குள் பிரான்சில் அவர்களுக்கு விடுமுறை. கடைசியில் மழைக்காலத்தில், மேடத்தின் வீட்டில் வைத்து, அவர் வீட்டு நெட்டிலேயே தேர்வு நடந்தது. தேர்வாளர் ரொம்பவும் பாராட்டினாராம். இனிப்பு வாங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். பட்டம் வந்தது. வயது வரம்பும் தாண்டியிருந்தது. இப்போது அவள் இங்கேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பிரெஞ்சில் வரும் ஆர்டர் கடிதங்களை மொழிபெயர்க்கிறாள். ஒருநாள் ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் ஸ்கூட்டியில் என் பக்கத்தில் வந்து நின்றாள். “நல்லா இருக்கீங்களா சார்?” என்று கேட்டாள். பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியது. உங்கள் நாற்காலிக்குப் பின்னால் சுவரில், கெஸ்ட் இணைப்பு மாலை ஐந்தரை மணியோடு நிறுத்தப்படும் என்று ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறதே, அது அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு வந்தது. இப்படியொரு குழப்பம் இனி வரக் கூடாது, நேரத்தைத் தெளிவாக அறிவியுங்கள் என்று துறைத்தலைவர் மேலே எழுதியிருக்கிறார். ரூல் இல்லை என்று நான் இரண்டு முறை சொன்னேன் அல்லவா, அதை அவர்கள் ரூல் வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். மேலேயும் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஒப்பந்த ஆள், ஓய்வுக்குக் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

ஆகவே அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அது யாரோ பெரியவர்கள் யோசித்துப் போட்ட விதி இல்லை. லாட்ஜிலிருந்து வந்த ஒருவனுடைய வயிற்றுக்கலக்கம், கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு அங்கே ஒட்டியிருக்கிறது. அதைக் கிழிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை என்பது தெரியும். ஆனால் மூடும்முன் எழுந்து நடக்க யாருடைய ஒப்புதலும் வேண்டாம். எதிர்க் கட்டடம் வரை போங்கள். கதவின் கண்ணாடியில் எட்டிப் பாருங்கள். உள்ளே யாராவது பேசிக்கொண்டிருந்தால் திரும்பி வந்து உட்காருங்கள். திறந்து வைத்ததற்காக ஒருநாள் உங்களை யாராவது கேட்கலாம், பதில் சொல்லிக்கொள்ளலாம். மூடியதற்காக யாரும் கேட்கவே மாட்டார்கள். இத்தனை வருடத்தில் என்னை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நான் இப்போதும் எப்போதாவது வளாகத்துக்கு வருவேன். வந்தால் கேன்டீனுக்குப் போய், அன்றைய டீ, போண்டாக் கணக்கை நான் தீர்த்துவிடுகிறேன் என்று அந்தோணியிடம் பணத்தை நீட்டுவேன். வாங்க மாட்டான். அஞ்சரை என்றும் இப்போது கூப்பிடுவதில்லை. “அது அந்தப் பொண்ணு கணக்குபா. வேல கெடச்சி வந்து குடுக்கும்” என்பான். கம்பெனியில் வேலைதான் கிடைத்துவிட்டதே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “அந்த வேலையச் சொல்லல” என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அறுநூற்று எண்பது ரூபாய். இன்னும் பாக்கி.